மாப்ளே, பொண்ண மேல ஏத்திப்புடாத!

மாப்ளே, பேத்தி பிளேன் ஓட்டப் போறேன்னு நிக்கிறாளாம், நீ விட மாட்டேன்னு நிக்கிறியாம், நடுவுல எம் மக, அதான் ஒம் பொண்டாட்டி, ரெண்டு பேருக்கும் சோறு போடாம நிக்கிறாளாம். ஊருக்கே தெரிஞ்சு போச்சு. நீயும் பெரிய மனுசன்னு நம்பி எங்கிட்ட வந்துட்ட. "மாமா, நீங்க ஒரு வார்த்த சொன்னா கேப்பா, பேசாம பி.எட். படிக்கச் சொல்லுங்க"ங்கிற.

சொல்லிருவோம். பொம்பளப் புள்ளையத் தரையிலயே வச்சிருக்க யோசனை சொல்ல என்ன விட்டா இந்த வட்டாரத்துல ஆளு ஏது? ஆனா ஒரு காரியத்தத் தடுக்கணும்னா அதப் பத்தி முழுசாத் தெரிஞ்சிருக்கணும் பாத்துக்க. அரைகுறையாத் தெரிஞ்சுக்கிட்டுத் தடுக்கப் போனா, புள்ள நாலு கேள்வி கேட்டு நம்மள மடக்கிப்புடும். அதனால நல்லாக் காதக் குடு.

மொதல்ல, என்ன காரணம் சொல்லப் போற? "விழுந்துருமே மாமா"ங்கிற. தப்பித் தவறி இத மட்டும் அவகிட்டச் சொல்லிப்புடாத. போன தீவாளிக்கு அவள டிவிஎஸ் எக்ஸ்எல்லுல கூட்டிட்டு வந்த பாரு. முன்னாடி உர மூட்டை, பின்னாடி அவ, அவ மடியில தம்பி, தம்பி கையில வெடிப் பொட்டி. ஹெல்மெட்டு வீட்டுல ஆணியில பத்திரமாத் தொங்குச்சு. எதிர்ல மணல் லாரி வந்தப்ப நீ கழுத்தச் சாய்ச்சு போன்ல பேசிக்கிட்டு வந்த. அப்ப எங்கப்பா போச்சு இந்தப் பயம்னு அவ கேட்டான்னா ஒனக்குப் பதில் இருக்காது, எனக்குச் சிரிப்பு அடங்காது.

அடுத்து, "சேலை கட்டுற பொம்பளைக்கு இதெல்லாம் என்னத்துக்கு"ன்னு டீக்கடையில ஒருத்தன் சொன்னானாம், நீயும் தலையாட்டிட்டு வந்தியாம். அதுவும் செல்லாது மாப்ளே. 1936லயே செல்லாமப் போச்சு. நான் லைப்ரரி பெஞ்சத் தேச்சவன், படிச்சதச் சொல்றேன்.

லாகூருன்னு ஒரு ஊரு. இன்னைக்குப் பாகிஸ்தான்ல கெடக்கு, அன்னைக்கு எல்லாம் ஒண்ணு. டெல்லியில பொறந்து அங்க வாக்கப்பட்டுப் போன ஒரு பொண்ணு. பின்னாடி சரளா துக்ரால்னு பேரு வெளங்குனவுக. வயசு 21, நாலு வயசுல ஒரு பொம்பளப் புள்ள. ஓட்டுனது ஜிப்சி மாத்துன்னு ஒரு குட்டி விமானம். ஒக்கார்ற எடத்துக்கு மேல கூரை கெடையாது. றெக்கை ரெண்டு அடுக்கு, மரச் சட்டத்துல துணியப் போத்தி வச்சிருப்பான். அதுல சேலையோட ஏறி, தனியா ஓட்டி, தனியா எறக்கி, லைசென்சும் வாங்கிட்டாக. வாத்தியாரு எட்டு மணி நேரம் சொச்சம் கூடப் பறந்து பாத்தாரு, இனிமே நீயே போம்மான்னு விட்டுட்டாரு. அந்தக் காத்துல சேலை பறக்காதான்னு எம் மககிட்டக் கேட்டேன். "நாத்து நட எறங்குறப்ப நாங்க தூக்கிச் செருகலயா, அது மாதிரித்தான்"னு சொல்லிட்டு அவ பாட்டுக்கு வேலையப் பாக்கப் போயிட்டா.

யாரு சேத்துவிட்டதுன்னு நெனைக்கிற? புருசன் சர்மா கராச்சிக்கும் லாகூருக்கும் தபால் விமானம் ஓட்டுனவரு. அவருக்கு ஆசைதான். ஆனா அவர விட மாமனாருக்கு ஆசை ஜாஸ்தியாம், கிளப்புல கொண்டுபோய்ச் சேத்ததே அவருதானாம். அந்தக் குடும்பத்துல மட்டும் ஒம்பது பைலட்டு. மாமனாரு மாப்ளே, மாமனாரு! நம்ம ஊருல மருமக தெருக்குழாய்க்குப் போய் அஞ்சு நிமிசம் சுணங்கி வந்தா கம்ப ஊனிக்கிட்டு வாசல்ல நிப்பாரே, அந்த ஒறவுதான்.

இப்ப கவனி. அவ்வளவு பெரிய பட்டணத்துல இதுக்கு ஆட்சேபணை சொன்னது ஒரே ஒரு ஆளாம். பிற்பாடு அந்தம்மாவே சொல்லியிருக்காக. யாரு தெரியுமா? பிளையிங் கிளப்புல இருந்த ஒரு கிளார்க்கு! விமானம் அவனுது இல்ல. பீசு அவன் கட்டல. மேல போறது அவன் இல்ல, விழுந்தாலும் அவன் தலையில விழப்போறதில்ல. ஆட்சேபணை மட்டும் அவனுது. அவன் பேரக் கூட யாரும் எழுதி வைக்கல. ஆனா மாப்ளே, வம்சம் நல்லா விருத்தியாயிருச்சு. சாயங்காலம் நம்ம டீக்கடைப் பெஞ்சுல போய்ப் பாரு, ஒக்கார எடம் இருக்காது.

அந்தம்மா கதைய முழுசாச் சொல்லிருதேன், பாதியில விட்டா நீ வேற எங்கயாவது கேட்டுட்டு வந்து நிப்ப. 1939ல புருசன் விமான விபத்துல போயிட்டாரு. அந்தம்மா அழுது முடிச்சு, காசுக்கு ஓட்டுற பெரிய லைசென்சு வாங்கணும்னு ஜோத்பூருக்குப் போனாக. அந்த நேரம் பாத்து உலகச் சண்ட வந்துருச்சு, பயிற்சிய நிப்பாட்டிட்டாக. திரும்பி லாகூருக்கே வந்து படம் வரையக் கத்துக்கிட்டாக. தேசம் ரெண்டாப் பிரிஞ்சப்ப டெல்லிக்கு வந்து, சேலைக்கு டிசைனு போட்டு, நகை செஞ்சு வித்துக் கௌரவமா வாழ்ந்து 2008ல காலமானாக. ஊரு நிப்பாட்டல பாரு அந்தம்மாள, கிளார்க்கும் நிப்பாட்டல. ஹிட்லரு வர வேண்டியிருந்துச்சு. நீ பேத்திய நிப்பாட்டணும்னா அந்த அளவுக்கு ஏற்பாடு பண்ணணும். தோதுப்படுமான்னு யோசிச்சுக்க.

"லாகூரு எங்கயோ கெடக்கு, நம்ம பக்கத்துல உண்டா மாமா"ங்கிற. இருக்கு. மெட்ராசுல தெரு நாய்க்கு அடிபட்டா ப்ளூ கிராஸுக்குப் போன் போடுறாகள்ல? அத 1959ல ஆரம்பிச்ச குடும்பத்து அம்மாதான் உஷா சுந்தரம். மழை வெள்ளத்துல தத்தளிச்ச ரெண்டு நாய்க்குட்டிகளத் தூக்கியாந்ததுல தொடங்குன காரியம். அதெல்லாம் பேப்பர்ல வந்துருச்சு. அதுக்கு முன்னாடி அந்தம்மா என்ன பண்ணிக்கிட்டு இருந்தாகன்னு நம்மாளுக யாருக்கும் தெரியாது. பெங்களூருப் பக்கம் ஜக்கூர்ல அரசாங்கப் பறக்குற பள்ளிக்கூடம் இருக்கு. அங்க 1949ல மொதல்ல தேறி வந்தவுக அந்தம்மா. புருசன் வி. சுந்தரமும் பைலட்டு. ரெண்டு பேரும் சேந்து மைசூர் மகாராசா விமானத்த ஓட்டியிருக்காக. சர்தார் பட்டேலு சமஸ்தானம் சமஸ்தானமாச் சுத்துனாரே, அவரையும் ஏத்திக்கிட்டுப் போயிருக்காக. பொறவு சீமைக்குப் போய், மெட்ராஸ் கவர்மெண்டுக்கு வாங்குன டவ் விமானத்த லண்டன்ல இருந்து பம்பாய்க்கு 27 மணி நேரத்துல கொண்டாந்து சேத்து ரெக்கார்டு வச்சாக. நீ போன பொங்கலுக்குத் திருப்பூர்ல இருந்து ஊரு வந்து சேர எவ்வளவு நேரமாச்சு? பஸ் ஸ்டாண்டுல படுத்துக் கெடந்ததையும் சேத்துச் சொல்லு.

சரி, "பொம்பள ஓட்டுனா ஏறுறவன் பயப்படுவான்ல"னு ஒரு கேள்வி இருக்கு. நல்ல கேள்விதான், 1947ல கேட்டுட்டாக. அலகாபாத்து பிளையிங் கிளப்புல படிச்சு, காசுக்கு ஓட்டுற லைசென்சு வாங்குன மொத இந்தியப் பொண்ணு பிரேம் மாத்தூர். எட்டு விமானக் கம்பெனி வாசல்ல போய் நின்னாக. எட்டும் கையவிரிச்சுட்டான். பொம்பள ஓட்டுறான்னு தெரிஞ்சா ஏறுறவன் எறங்கி ஓடிருவானாம். கடைசியில ஹைதராபாத்து டெக்கான் ஏர்வேஸ்காரன் சேத்துக்கிட்டான். 1949ல தேசிய விமானப் பந்தயம்னு ஒண்ணு வச்சாக, அதுலயும் அந்தம்மாதான் ஜெயிச்சாக. ஏறுனவன் ஒருத்தனும் குதிச்சு ஓடுனதாத் தகவல் இல்ல.

இன்னைக்குப் பயந்து ஓடணும்னாலும் வழியில்ல மாப்ளே. முன் கதவச் சாத்திப் பூட்டிப்புடுறான். உள்ள யாரு இருக்கான்னு மைக்குல பேசுனாத்தான் தெரியும், அதுவும் அவுக பேசுற இங்கிலீசு நமக்கு வெளங்கவா போகுது? போன வருசம் நம்ம பஞ்சாயத்து பிரசிடெண்டு மதுரையில ஏறி மெட்ராசுக்குப் போனாருல்ல. அவர ஓட்டிக்கிட்டுப் போனது ஆணா பொண்ணான்னு அவருக்கே தெரியாது. ஏறுன வேகத்துல சாமி பேரச் சொல்லிக் கண்ண மூடுனவரு, மீனம்பாக்கத்துலதான் தொறந்தாரு. 1985லயே கல்கத்தாவுல இருந்து சில்சாருக்கு சௌதாமினி தேஷ்முக்னு ஒரு அம்மா கேப்டனா ஓட்டிட்டுப் போனாக. பக்கத்துல ஒக்காந்து ஓட்டுனதும் பொம்பள, உள்ள வேலை பாத்ததும் பூராம் பொம்பளைக. 2021ல ஸோயா அகர்வால்னு ஒருத்தவுக கேப்டன், கூட மூணு பேரு, நாலும் பொண்ணுக. அமெரிக்காவுல சான்பிரான்சிஸ்கோவுல கெளம்பி, வடதுருவத்துக்கு மேல வந்து, பெங்களூருல எறக்குனாக. நம்ம நாட்டு பைலட்டுகள்ல நூத்துக்கு 15 பேரு கிட்டப் பொம்பளைக. உலகக் கணக்கெடுத்தா நூத்துக்கு 5, 6 தான் தேறும். வெள்ளக்காரனே இதுல நமக்குப் பின்னாடிதான் நிக்கிறான். நீ என்னடான்னா, பேத்திய அவன் வரிசையில கொண்டுபோய் நிப்பாட்டப் பாக்குற.

சரி, தடுக்க நெசமாவே உதவுற சங்கதிக்கு வாரேன். படிப்பு லேசுப்பட்டதில்ல. பன்னெண்டாவதுல பிசிக்சும் கணக்கும் வேணும், அது அவகிட்ட இருக்கு. வானிலை, திசை பாத்துப் போறது, சட்டம், மிசினு, ரேடியோவுல பேசுறதுன்னு பரீட்சை எழுதணும். கமர்சியல் லைசென்சுக்கு 200 மணி நேரம் பறந்துருக்கணும். அதுல தன்னந்தனியா 300 நாட்டிக்கல் மைல், நம்ம கணக்குக்கு 550 கிலோமீட்டருக்கு மேல, வழியில ரெண்டு ஊருல எறக்கி ஏத்திட்டு வந்து சேரணும். நீ அவள மதுரைக்குப் பஸ்சுல தனியா அனுப்ப மாட்ட, தொணைக்கு தம்பிய அனுப்புவ. தம்பிக்கு வயசு ஒம்பது.

அங்க காலையில வேலை எப்படி ஆரம்பிக்குதுன்னு கேளு. பயிற்சிக்கு இருக்குற சின்ன விமானத்தச் சுத்தி ஒரு நடை. டயரு, றெக்கை முனை, காத்தாடி ஓரத்துல கீறல் இருக்கான்னு கையால தடவிப் பாக்கணும். றெக்கைக்கு அடியில ஒரு சின்ன மூடி இருக்கும். கண்ணாடிக் குழாய அதுல வச்சு அமுக்குனா கொஞ்சூண்டு பெட்ரோல் எறங்கும். அந்தப் பெட்ரோலு லேசா நீல நெறம். வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு, அடியில தண்ணி முத்து நிக்குதான்னு பாக்கணும். நின்னா வடிக்கணும், திரும்பப் பிடிக்கணும், சுத்தமா வர்ற வரைக்கும் விடக் கூடாது. பொறவு கையில அட்டைய வச்சுக்கிட்டு ஒண்ணொண்ணா வாசிச்சுச் சரி பாக்கணும். எத்தன வருசம் ஓட்டுனவுகளா இருந்தாலும் அட்டையப் பாத்துத்தான் செய்யணும், மனப்பாடம் செல்லாது. கேஸ் அடுப்ப மூடுனியான்னு ராத்திரி மூணு தடவ எந்திரிச்சுப் பாக்குறது ஒங்க வீட்டுல யாரு? நீயா? நீ கெணத்து மோட்டாரப் போட்டுட்டு மறந்து போய் ரெண்டு தடவ காயில எரிச்சவன். எனக்கென்னமோ இந்த வேலைக்கு யாரு தோதுன்னு சொல்லவே கூச்சமா இருக்கு.

இப்ப நெசமான தடைக்கு வா. துட்டு. எல்லாம் சேத்து 40 லட்சம், 50 லட்சம்னு போகுது. லைசென்சு வாங்குன கையோட வேலையும் கெடைச்சிராது, கம்பெனிக்காரன் ஓட்டுற பெரிய விமானத்துக்குத் தனியாப் பயிற்சி எடுக்கணும், அதுக்கு வேற லட்சக்கணக்குல வேணும். லைசென்ச வச்சுக்கிட்டு வருசக்கணக்கா வேலைக்குக் காத்துக் கெடக்குற புள்ளைகளும் உண்டு. இத நான் மறைக்க மாட்டேன். உத்தரப்பிரதேசத்துல ஃபர்சத்கஞ்சுன்னு ஒரு ஊருல, இந்திரா காந்தி பேர்ல கவர்மெண்டு பள்ளிக்கூடம் ஒண்ணு இருக்கு, நுழைவுத் தேர்வு எழுதிப் போகலாம். அங்கயும் சும்மா இல்ல. "எங்கிட்ட அவ்வளவு துட்டு இல்ல"ன்னு நீ சொன்னா அது ஞாயம், அவளும் ஒத்துக்குவா. நீ அதச் சொல்லலயே? "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு"ன்னுதான சொன்ன!

துட்டுன்னு வந்ததால கேக்குறேன். அவளுக்கு அம்பது பவுனு போடுறதாப் போன சித்திரையிலயே மாப்ள வீட்டுக்காரன் ஒருத்தன்கிட்ட வாய விட்டுட்டியாமே. பவுனு விக்கிற வெலைக்கு அம்பத, மண்டபம், பந்தி, வீடியோ, கார் எல்லாத்தையும் கூட்டிப் பாத்தியா? கிழக்காட்டு ரெண்டு ஏக்கர வித்துக் கல்யாணம் பண்ணுனா ஊரு "மகராசன், ஜாம்ஜாம்னு பண்ணுனான்"னு சொல்லும். அதே ஏக்கர வச்சு அவளப் படிக்க வச்சா "கிறுக்கன்"னு சொல்லும். சொல்றவன் யாருன்னு பாரு, டீக்கடைக் கிளார்க்கு. கல்யாணத்துக்கு வந்து எலையில ஒக்காருவான்ல, அதான் அவனுக்கு அந்தக் கணக்கு இனிக்குது. பைலட்டுப் படிப்புல பந்தி கெடையாது பாரு.

"பைலட்டுப் பொண்ண எவன் மாமா கட்டுவான்"னு தலையச் சொறியுற. கட்டுறவன் கட்டுவான். மாசமானா டாக்டரு சொல்லித் தரையில ஒக்கார வச்சிருவாக, பெத்து எடுத்து ஒடம்பு தேறுனா திரும்ப ஏறலாம், அதுக்கும் சட்டம் இருக்கு. நம்ம கம்மாக்கரையில சித்தாள் வேலை பாக்குறதுகளுக்குத்தான் எந்தச் சட்டமும் வந்து எட்டல, ஒம்பது மாசத்துலயும் தலையில சட்டி. அதப் பாத்து எந்தப் பெரிய மனுசனும் "பொம்பளைக்கு இது ஆகாது"ன்னு சொன்னதே இல்ல. கூலி கொறையுற வேலைன்னா பொம்பளைக்கு ஆகும், சம்பளம் லட்சத்துல வர்ற வேலைன்னா ஆகாது. என்ன சாஸ்திரமோ இது.

அதனால மாப்ளே, நீ கேட்டபடியே, அவளத் தரையில வைக்கக் கடைசியா ஒரு வழி இருக்கு. அது ஒங்கையிலயும் இல்ல, எங்கையிலயும் இல்ல, டாக்டரு கையில இருக்கு. ஒடம்புப் பரிசோதனையில தேறலன்னா மகராணியா இருந்தாலும் ஓட்ட முடியாது. மொதல்ல கிளாஸ் 2ன்னு ஒண்ணு, விமானத்தக் கண்காணிக்கிற கவர்மெண்டு ஆபீசு டிஜிசிஏ, அதோட பட்டியல்ல இருக்குற டாக்டருகிட்ட. அதுல தேறுனா கிளாஸ் 1, பெங்களூரு ஏர்ஃபோர்ஸ் மருத்துவ நிலையம் மாதிரி எடத்துல. காது, நெஞ்சு, ரத்தம், கண்ணு எல்லாம் பாப்பாக. கண்ணாடி போட்டுருந்தாத் தள்ளிருவான்னு நம்ம ஊருல ஒரு புரளி இருக்கு. அப்படியில்ல, கண்ணாடியப் போட்டுப் பார்வை சரியா வந்தாப் போதும். செவப்பு பச்சை தெரியுதான்னு புள்ளி புள்ளியா இருக்குற அட்டையக் காட்டிக் கேப்பான், நடுவுல இருக்குற நம்பரச் சொல்லணும். அதுல அவ தவறுவான்னு ஆசப்படாத. நெறம் பிரிச்சுத் தெரியாத கோளாறு பொறப்புலயே ஆம்பளைகளுக்குத்தான் பல மடங்கு ஜாஸ்தி. பழுக்காத தக்காளியப் பழுத்துருச்சுன்னு நீ பறிச்சுட்டு வந்து எம் மககிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டது எனக்குத் தெரியும்.

ஆக, வர்ற வாரமே அவள அந்தப் பட்டியல்ல உள்ள டாக்டருகிட்டக் கூட்டிட்டுப் போ. தேறலன்னா ஒனக்கு நிம்மதி, பி.எட். அப்ளிகேசன நானே வாங்கித் தாரேன். தேறிட்டான்னா நிலப் பத்திரத்த எடுத்துக்கிட்டு பேங்குக்குப் போ, கல்விக் கடனுக்கு என்ன வட்டின்னு ரெண்டு பேங்குல கேளு. அது வரைக்கும் பைலட்டு ஆக்குறேன்னு பளபளன்னு நோட்டீஸ் அடிச்சுக்கிட்டு எவன் வந்தாலும் அட்வான்சுன்னு ஒத்த ரூவா கட்டிப்புடாத. டிவிஎஸ்ல போறதா இருந்தா வண்டிய அவ ஓட்டட்டும், நீ பின்னாடி ஒக்காரு. ஆணியில இருக்குற ஹெல்மெட்ட அவளுக்குக் குடு, ஒனக்கு ஒண்ணு புதுசா வாங்கிக்க.